பாட்டியின் பிறந்த வீட்டைத் தேடுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேர் உள்ள குடும்பங்கள் பாட்டி, பூட்டியின் பிறந்த வீட்டைத் தேடத் தொடங்கும்போது வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. சொத்து விவகாரத்துக்காகத் தேடுவோரும் உண்டு, வெறும் ஆசையில் தேடுவோரும் உண்டு. இருவருக்கும் வழி ஒன்றுதான். ஆசையில் தேடுவோருக்குப் பொறுமை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

எல்லோரும் 'திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்' என்கிறார்கள். எங்கள் பூட்டிக்கு அப்படி ஒன்று இருந்திருக்குமா?

பெரும்பாலும் இருந்திருக்காது. நம் பக்கத்துப் பெண்களுக்கு இருந்தது தலைப்பெழுத்து. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. அதுவும் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான். ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஓர் ஆளையும் ஓர் ஊரையும். பூட்டியின் தகப்பனார் யார், அவருக்கு எந்த ஊர் என்று கேளுங்கள். தகப்பனார் பெயர் பிடிபடாவிட்டால் அண்ணன் தம்பிகளைப் பிடியுங்கள்.

வீட்டுப் பெயர் வைத்துக்கொள்ளும் தெலுங்குக் குடும்பங்களும், கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் வழிவந்தவர்களும் இதற்கு விலக்கு. அவர்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? தாலுகா அலுவலகமா?

வேண்டாம், முதலில் பரண். பழைய மொய் நோட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பாட்டியின் பிள்ளைகளுக்கு நடந்த காதுகுத்து, கல்யாண நோட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரியாகத் தாய்மாமன் சீர் இருக்கும்: 'வே. மாதையன், காரிமங்கலம், தாய்மாமன், வேட்டி சேலை, ரூ. 51' என்பது போல. அந்தத் தாய்மாமன் பாட்டியோடு பிறந்தவர். அவருடைய 'வே' பாட்டியின் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. வேடியப்பனா, வேலனா, வெங்கடப்பனை யாரோ 'வேங்கடப்பன்' என்று எழுதியதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஊர் கிடைத்துவிட்டது. சொந்தத் தாய்மாமன் இல்லாத வீட்டில் பங்காளி ஒருவர் மாமனாக நின்றிருப்பார். அப்போது தலைப்பெழுத்து ஏமாற்றும், ஊர் பெரும்பாலும் ஏமாற்றாது.

நோட்டு இல்லையென்றால் வயதான பெண்களிடம் கேளுங்கள். ஆண்களுக்கு நிலத்தின் எல்லை நினைவிருக்கும், உறவின் எல்லை நினைவிருக்காது. 'பாட்டியின் அப்பா பெயர் என்ன?' என்று கேட்டால் 'தெரியவில்லையே' என்பார்கள். 'பாட்டி இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடித் துணி யார் கொண்டுவந்தார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். கோடி எடுத்து வந்தவர், வராமல் போனவர், அதனால் மூண்ட சண்டை என்று மொத்தக் கதையும் வரும்.

இன்னொரு கேள்வியும் பலன் தரும்: ஊரார் பாட்டியை எப்படிக் கூப்பிட்டார்கள்? மாமியார் பெயரும் மருமகள் பெயரும் ஒன்றாக இருந்தால் மருமகளை வேறு பெயரில்தான் அழைப்பார்கள். அந்த வேறு பெயர் பல வீடுகளில் 'ராயக்கோட்டையம்மா', 'காரிமங்கலத்தாள்' என்று பிறந்த ஊராகவே அமைந்துவிடும்.

ஒரே ஆளின் பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எதைச் சரியென்று எடுத்துக்கொள்வது?

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். கையெழுத்துப் போடத் தெரியாத காலத்தில் எழுதியவர் காதில் விழுந்ததுதான் பெயர். லட்சுமி, இலட்சுமி, லெட்சுமி, லச்சுமி, லக்ஷ்மி எல்லாம் ஒரே பெண்ணாக இருக்கலாம். மாதன், மாதையன், மாதப்பன், மாதேஷ், மாதேஸ்வரன் எல்லாம் ஒரே ஆணாக இருக்கலாம். மாதேஸ்வரன் மலையைக் கும்பிடும் நம் பகுதியில் ஒரே தெருவில் ஐந்து தனித்தனி ஆட்களாகவும் இருக்கலாம். விகுதியும் நிலையாக இருக்காது. ஓசூர் பக்கம் 'நஞ்சப்பா' என்பவர் தருமபுரி பக்கத்துப் பத்திரத்தில் 'நஞ்சப்பன்' ஆகிவிடுவார்.

ஓர் எழுத்து வேறுபாட்டில் ஆளே மாறும் இடமும் உண்டு. சென்னப்பன் வேறு, சின்னப்பன் வேறு. மங்கலான நகலில் கொம்பும் சுழியும் தெரியாதபோது இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். இத்தகைய இடத்தில் மூலப் பதிவேட்டைக் கண்ணால் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

சமீபகாலப் பிழைகள் வேறு வகை. தமிழில் 'முனியம்மாள்' என்று இருந்தது ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து கணினி வழியாகத் தமிழுக்குத் திரும்பும்போது 'முணியம்மாள்' என்று வரும். மூன்று சுழி 'ண' போட்ட இத்தகைய பெயரைப் பழைய பதிவேட்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். பாட்டிக்கு இன்டி பேரு, அதாவது வீட்டுப் பெயர், உண்டு, ஆனால் தமிழில் எழுதியிருப்பதை வைத்து அது எதுவென்று சொல்ல முடியவில்லை.

இந்தப் பகுதியில் உண்மையிலேயே எழுத்துவேட்டை நடத்த வேண்டியவர்கள் நீங்கள்தான். தெலுங்கில் தனித்தனி எழுத்துகளாக இருப்பவை தமிழில் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பத்திரத்தில் 'பண்டி' என்று இருந்தால் அதன் முதல் எழுத்து 'பல்' என்பதில் வரும் ப-வா, 'பஸ்' என்பதில் வரும் ப-வா என்று காகிதம் சொல்லாது. 'குண்டா'வும் அப்படித்தான். 'கட்டா' என்பது இன்னும் மோசம்: முதல் எழுத்திலும் குழப்பம், நடுவில் உள்ள இரட்டை 'ட'விலும் குழப்பம். தெலுங்கில் அது முற்றிலும் வேறான இரண்டு மூன்று வீட்டுப் பெயர்களாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். தமிழில் உள்ள பெயரை எடுத்து, க, ச, ட, த, ப வரும் ஒவ்வொரு இடத்திலும் வல்லொலி, மெல்லொலி இரண்டையும் போட்டு எல்லா வடிவங்களையும் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தெலுங்கு எழுதத் தெரிந்த உறவினர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொருத்தமில்லாதவை படிக்கும்போதே உதிர்ந்துவிடும். மிஞ்சியதைப் பாட்டி வழி உறவினர்களிடம் சொல்லிக் காட்டுங்கள். வயதானவர்களுக்குக் கண்ணைவிடக் காது நன்றாக நினைவு வைத்திருக்கும். ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு வழியில் படித்த மாமன் மக்கள் யாராவது இருந்தால் அவர்களுடைய பள்ளிச் சான்றிதழ் தங்கத்துக்குச் சமம். அதில் பெயர் அதன் சொந்த எழுத்திலேயே இருக்க வாய்ப்புண்டு.

வீட்டுப் பெயரில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. ஒரே இன்டி பேருக்குள் பெண் எடுப்பதில்லை. ஆகவே தாத்தாவின் வீட்டுப் பெயராக உறுதியானது எதுவோ அது பாட்டியின் பெயராக இருக்க முடியாது. பத்திரத்தில் பாட்டிக்கு முன்னால் தாத்தாவின் வீட்டுப் பெயரே இருந்தால், எழுத்தர் புகுந்த வீட்டுப் பெயரைப் போட்டிருக்கிறார் என்று பொருள்.

பூட்டியின் அப்பா பெயர் ஒரு பத்திரத்தில் 'கவுடு', இன்னொன்றில் 'கவுண்டன்', மற்றொன்றில் 'கவுண்டர்' என்று முடிகிறது. மூன்று குடும்பங்களா?

பின்னொட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவை பட்டங்கள். செட்டி, ரெட்டி, நாயுடு, நாயக்கர் எல்லாம் அப்படியே. எழுதியவரின் மொழியையும் அவர் காட்டிய மரியாதையையும் பொறுத்து மாறும். பழைய பத்திரங்களில் 'கவுண்டன்' என்று ஒருமையில் இருப்பவர் அடுத்த தலைமுறைப் பத்திரத்தில் 'கவுண்டர்' ஆவது சாதாரணம். தேடும்போது பட்டத்தை வெட்டிவிட்டு முன்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரும் இப்படிக் குழப்புமா?

ஆள் பெயரைவிட அதிகமாகக் குழப்பும். கன்னடத்தில் 'ஹள்ளி' என்று முடியும் ஊர் தமிழில் 'அள்ளி' ஆகும், பிறகு யாரோ திருத்தி 'பள்ளி' ஆக்குவார்கள். வேப்பனஹள்ளி, வேப்பனப்பள்ளி இரண்டும் ஒரே ஊர். மாரண்டஹள்ளி, மாரண்டஅள்ளியும் அப்படியே. வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலக் காகிதங்களில் கிருஷ்ணகிரியைக் 'கிஸ்ட்னகெரி' என்றும் ஓசூரை 'ஊசூர்' என்றும் படிக்கும்படி எழுதியிருப்பார்கள். எல்லையோரக் குடும்பமென்றால் பிறந்த ஊர் ஆனேக்கல் பக்கமோ குப்பம் பக்கமோ இருந்து, காகிதம் கன்னடத்திலோ தெலுங்கிலோ கிடைக்கவும் கூடும்.

எந்த மாவட்டத்தில் தேடுவது?

கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரி 9-இல். அதற்கு முன் அது தருமபுரி மாவட்டம். தருமபுரி மாவட்டமே 1965 அக்டோபர் 2-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே 1965-க்கு முந்தைய காகிதம் எதுவானாலும் தலைப்பில் 'சேலம் ஜில்லா' என்றுதான் இருக்கும். சேலம் என்று பார்த்ததும் பூட்டி சேலம் நகரத்துக்காரர் என்று கிளம்பிவிடாதீர்கள்; அடுத்த வரியில் தாலுகா இருக்கும்.

பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் கிடைக்காதா?

கிடைத்தால் நல்லது. மணியக்காரர் எழுதிய பழைய கிராமப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. 'பெண்' என்பதும் தகப்பன், தாய் பெயரும் இருக்கும். பூட்டியின் பிறப்பைத் தேடுவதைவிட அவர் பிள்ளைகளின் பிறப்பைத் தேடினால் தாய் என்ற கட்டத்தில் அகப்படுவார். ஆனால் அங்கே அவருடைய தகப்பனார் பெயர் வராது. பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980-இல் ஒழிக்கப்பட்டபோது பல பதிவேடுகள் கைமாறின. தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், வாய்வார்த்தையில் 'இல்லை' என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அப்படியானால் பெண்ணின் தகப்பனார் பெயர் எந்தக் காகிதத்தில்தான் உறுதியாக இருக்கும்?

அவர் எதையாவது விட்டுக்கொடுத்த காகிதத்தில். கசப்பாக இருந்தாலும் உண்மை. நிலம் வாங்கியபோது, வரி கட்டியபோது, பட்டா மாறியபோதெல்லாம் பெண்ணின் பெயரைச் சொல்லாத குடும்பம், அவருடைய பங்கு தனக்கு வேண்டாம் என்று எழுதி வாங்கும்போது மட்டும் முழு விவரமும் சொல்லிவிடும்: 'இன்ன ஊர் காலஞ்சென்ற இன்னாரின் மகளும், இன்ன ஊர் இன்னாரின் மனைவியுமான இன்னார்' என்று. பிறந்த வீடு, புகுந்த வீடு, இரண்டு ஊர், உயிரோடிருக்கும் அண்ணன் தம்பி பெயர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில்.

விடுதலைப் பத்திரம் என்பது இதுதான். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கும் பங்கு என்றானது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் அன்றுவரை திருமணமாகாத மகள்களுக்குப் பூர்விகச் சொத்திலும் பிறப்புரிமை கிடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் அந்தத் திருமண நிபந்தனையும் போனது. சட்டம் உரிமையை நீட்ட நீட்ட, அக்கா தங்கைகளிடம் எழுதி வாங்கும் வழக்கமும் கூடியது. பாட்டியின் தகப்பனார் எப்போது இறந்தார் என்று தோராயமாகத் தெரிந்தால், அதையடுத்த சில ஆண்டுகளில் பிறந்த ஊருக்கு உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள். பாகப்பிரிவினைப் பத்திரமும் செட்டில்மென்ட் பத்திரமும் அதே அளவு பயன்படும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று வீட்டில் இருந்தால் மகள்கள் பெயர் அதிலும் இருக்கும்.

பதிவுத்துறை இணையதளத்தில் பெயரைப் போட்டால் வருமா?

இணையத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975-க்குப் பிந்தைய பதிவுகளுக்கே கிடைக்கும். தேடுவதும் பெரும்பாலும் புல எண்ணை (சர்வே நம்பரை) வைத்துத்தான். அதற்கு முந்தையதற்கு நேரில் போக வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்களின் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியே உண்டு. அசையாச் சொத்து ஆவணங்களுக்கான இந்த அட்டவணைகளைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம். பெயர் அட்டவணை அகர வரிசையில் இருப்பதால் முதல் எழுத்து மாறினால் பக்கமே மாறிவிடும். 'லட்சுமி'யை ல-விலும் இ-யிலும் பாருங்கள். வெங்கடப்பனை வெ-யிலும் வே-யிலும், பேச்சுவழக்கில் எழுதியிருந்தால் எ-யிலும் பாருங்கள்.

பழைய எழுத்தும் தேதியும் புரியவில்லை.

௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. கடைசியாகச் சொன்ன ௸ ஆபத்தானது. 'மேற்படியார் மகள்' என்று இருக்கும் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வந்தால் யார் மகள் என்பது முந்தைய பக்கத்திலேயே தங்கிவிடும். முந்தைய பக்கத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

நில வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டு என்றால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும்: பஞ்சத்துக்குப் பேர்போன தாது வருடம் 1876-இல் வந்தது, மறுபடி 1936-இலும் வந்தது. 'பூட்டி தாது வருஷத்தில் பிறந்தார்' என்றால் எந்தத் தாது என்று கேளுங்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்களுக்கு வழி எளிதா?

எளிதுதான். கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி போன்ற பழைய பங்குத் தேவாலயங்களில் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் இருக்கும். திருமணப் பதிவில் மணமகளின் பெற்றோர் பெயர் வரும். தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது என்பதை நினைவில் வையுங்கள். பிரெஞ்சுக் குருக்கள் எழுதிய பெயர்களில் 'உ' ஒலிக்கு ஓ, யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்து நிற்கும். முத்துவைப் பார்த்தால் 'மௌட்டௌ' என்று படிக்கத் தோன்றும். லத்தீனில் 'பிலியா' மகள், 'உக்ஸோர்' மனைவி, 'மாட்ரினா' ஞானத்தாய். ஞானப் பெற்றோர் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். நெருங்கிய உறவினரையே அழைப்பது வழக்கம்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கிறோம். கொள்ளுப்பாட்டி 'சேலம் ஜில்லா' என்று மட்டும் தெரியும்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கட்டங்கள் உண்டு. ஊரில் இருந்த பெண்களுக்கு இல்லாத வசதி இது: கடல் கடந்த பெண்ணின் தகப்பனார் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் எழுதியவர் காது ஆங்கிலக் காது. முனுசாமி அங்கே 'மூன்சாமி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். உங்கள் இன்றைய குடும்பப் பெயர் கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயராகவோ சாதிப் பட்டமாகவோதான் இருக்கும். இங்கே அந்தப் பெயரில் வீடு எதுவும் இருக்காது. பட்டியலில் உள்ள தாலுகாவையும் கிராமத்தையும் உரக்கப் படித்து, அந்த ஒலிக்கு இன்றைய ஊர்களில் எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

மரபணுச் சோதனை உதவுமா?

உறவு இருக்கிறதா என்று சொல்லும். பெயர் சொல்லாது.

கிடைத்தவர் எங்கள் பாட்டியின் தகப்பனார்தான் என்று எதை வைத்து உறுதி செய்வது?

பெயர் ஒத்துப்போவதை வைத்துச் செய்யக்கூடாது. ஊரும் உடன்பிறந்தாரும் ஒத்துப்போக வேண்டும். நிலம் இருந்திருந்தால் புல எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பெயர் நாற்பது விதமாக மாறினாலும் புல எண் கணக்காக நடக்கும்: 112/3 என்பது பிரிந்தால் 112/3ஏ, 112/3பி என்றாகும். மறு நில அளவையில் எண்ணே மாறியிருந்தால் பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் ஒப்புப் பட்டியலைக் கேளுங்கள். 1979-இல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாப் பெயர்கள் நிறையப் பிழையாக ஏறின. அந்தப் பெயரைக் கடைசிச் சாட்சியாக வையுங்கள்.

பேரன்களின் பெயரையும் பாருங்கள். மூத்த பேரனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்பது பல வீடுகளில் இருந்த வழக்கம். பாட்டியின் இரண்டாவது மகனுக்கு வேடியப்பன் என்று பெயர் வைத்திருந்து, மொய் நோட்டில் தாய்மாமனுக்கு 'வே' இருந்தால் நீங்கள் சரியான வீட்டு வாசலில் நிற்கிறீர்கள்.

ஓர் எச்சரிக்கை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் இங்கே பரவலாக இருந்தது. பாட்டியின் தகப்பனாரே தாத்தாவுக்கு மாமனாகவோ அக்காள் கணவராகவோ இருக்கலாம். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் உடனே பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

இதெல்லாம் சொத்துக்கு எப்போது உண்மையில் தேவைப்படும்?

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாருமின்றி, உயிலும் எழுதாமல் ஓர் இந்துப் பெண் இறந்தால், அவர் தாய் தந்தையிடமிருந்து வாரிசுரிமையாகப் பெற்ற சொத்து கணவர் வீட்டுக்குப் போகாது. தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அப்போது 'இன்னாரின் மகள்' என்று நிரூபிக்க வேண்டியது பிறந்த வீட்டாரின் பொறுப்பு. அலுவலகத்தில் 'முனியம்மா, முனியம்மாள், முனிம்மா மூவரும் ஒருவரே' என்று சான்று கேட்பார்கள். உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை மட்டும் நீட்டாமல், ஒவ்வொரு எழுத்து வடிவும் எந்தக் காகிதத்தில், எந்த ஆண்டில், எந்த ஊர் விவரத்தோடு வருகிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, நகல்களை அதே வரிசையில் இணைத்துக் கொடுங்கள். சான்று உயிரோடிருக்கும் பாட்டிக்காக என்றால் அவர் கைநாட்டு வைத்த பழைய பத்திரத்தின் எண்ணையும் மறக்காமல் சேருங்கள். கைரேகைக்கு எழுத்துப்பிழை கிடையாது; பதிவு அலுவலகத்தின் ரேகைப் பதிவேட்டோடு ஒப்பிடவும் முடியும்.